மரியாதைக்காகப் பெயர் மாறிய பொத்தான்

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் வாழ்த்து. மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். புரோகிராம் எழுதும் வேலையா என்று மாமா கேட்டிருப்பார். இல்லை மாமா, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுகிற வேலை என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த முகம் அது. போகப் போகப் பழகிவிடும்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். நல்ல வார்த்தை என்னிடம் இருப்பு குறைவு. கையேட்டை எந்தக் கருவியில் எழுதுவது, படத்தை எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரு பொத்தானின் கதை. அதில் நானும் குற்றவாளி என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும்.

நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனி காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கறிக்கோழிப் பண்ணைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தோம். சுற்றிலும் அடைத்த கொட்டகை, ஒரு முனையில் பெரிய மின்விசிறிகள், மறுமுனையில் தண்ணீர் வழியும் குளிர்பலகைகள். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, விசிறிகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் எங்கள் பெட்டியின் வேலை. சுவரில் ஒரு தொடுதிரை, திரையில் ஆறு பொத்தான்கள். பெட்டியின் மூளை தடுமாறினால் அதை ஒதுக்கிவிட்டு எல்லா விசிறிகளையும் நாமே ஓட்டிக்கொள்ள ஆறாவது பொத்தான். அதற்கு ‘நேரடி இயக்கம்’ என்று பெயர் வைத்தோம். திரையிலும் அதுதான், நான் எழுதிய கையேட்டிலும் அதுதான். உலகம் அப்போது ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் முதலாளி தங்கமான மனிதர். வாடிக்கையாளர் யாராவது மாடியேறி வந்தால் டீ, போண்டா, விசாரிப்பு எல்லாம் முடிந்து, கிளம்பும்போது அவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைப்பார். கல்யாண வீட்டில் தாம்பூலப்பை கொடுப்பதைப் போல எங்கள் அலுவலகத்தில் பெயர் மாற்றம் கொடுத்தனுப்புவோம்.

முதலில் வந்தவர் வெள்ளகோவில் பண்ணைக்காரர், வயதானவர். “இந்தப் பொத்தானை வேலைக்காரங்க தொட்டுப்போடறாங்க. ஓனர் மோடுன்னு போட்டுக் குடுத்தீங்கன்னா பயந்துக்குவாங்க” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். “பெரியவரு அவ்வளவு தூரம் வந்து கேக்கறாரு. ஒரு பேருதானுங்களே, மாத்திக் குடுத்துப்போடலாமுங்க.” மாற்றினோம். அடுத்து ஒருவர் வெளிநாட்டில் படித்த மருமகளோடு வந்தார். அந்தப் பெண் அதே பொத்தானுக்கு ‘ஸ்மார்ட் ஏர்’ என்று வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றது. பெட்டியின் புத்தியை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுகிற பொத்தானில் ஸ்மார்ட்டாக என்ன இருக்கிறது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. போண்டா இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. பெயர்ப் பட்டியல் என்று ஒரு எக்செல் கோப்பு போட்டேன். ஒரு வசதிக்கு ஒரு பெயர், அது திரையிலும் கையேட்டிலும் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் எழுதினேன். முதலாளி அதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோனார். “அருமையா இருக்குதுங்க. இதுல ‘யாருக்காக’ன்னு ஒரு கட்டம் மட்டும் சேத்துக்கிட்டீங்கன்னா, எந்தப் பேரு யாருக்குக் குடுத்தோம்னு மறக்காம இருக்கும்” என்றார். சேர்த்தேன். ஒழுங்கைக் காப்பாற்ற நான் போட்ட கோப்பு ஒரே வாரத்தில் மொய் நோட்டாகிவிட்டது. உட்கார்ந்து அதை நிரப்பியவனும் நான்தான்.

கோழிக்குஞ்சும் தீவனமும் கொடுத்து விவசாயிகளிடம் வளர்க்க விடும் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் பெட்டியை மொத்தமாக வாங்கியது. அவர்களுடைய மேலாளர், எங்கள் புரோகிராமர் பிரபுவுக்கு நேரடியாகவே போன் போட்டார். பண்ணைக்காரர்கள் விசிறியில் கை வைக்கக்கூடாது, எங்கள் சூப்பர்வைசர்தான் வைக்க வேண்டும், அதனால் அந்தப் பொத்தானுக்கு ‘சூப்பர்வைசர் கன்ட்ரோல்’ என்று போடுங்கள் என்றார். பிரபு மரியாதை தெரிந்த பையன். “செரிங்க சார்” என்று சொல்லி மாற்றிவிட்டான். என் கோப்புக்கு அது வரவே இல்லை. ஆனால் ஒரு நாள் அவன் மேசைப் பக்கம் போனபோது சோதனைத் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். “இது எப்பத் தம்பி?” என்றேன். “போன வாரமுங்க சார்” என்றான். சிரித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அடுத்த பதிப்பில் கையேட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பதிப்பு என்பது நம் தொழிலில் மனச்சாட்சியை உறங்க வைக்கும் மருந்து. பக்க விளைவு பிறகுதான் தெரியும்.

அது சித்திரை மாதம், மதியம் ஒரு மணி. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண் சாப்பிடக் கீழே போயிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

“ஏனுங்க, கோழிப் பொட்டி கம்பெனிங்களா? நான் அன்னூர்ல இருந்து மரகதம் பேசறனுங்க. ஃபேன் அத்தனையும் நின்னுபோச்சுங்க. கரண்ட் இருக்குது. கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க.”

திரையில் வெப்பநிலை எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். பதினெட்டு என்றார். அன்னூரில் சித்திரை மதியத்தில் பதினெட்டு என்றால் ஊட்டியிலிருந்து மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்திருக்க வேண்டும். சூட்டை அளக்கும் உணரியின் ஒயர் போய்விட்டது. கொட்டகை குளிர்ந்து கிடக்கிறது என்று நம்பி, பெட்டி விசிறிகளை எல்லாம் நிறுத்திவிட்டது. அடைத்த கொட்டகையில் வளர்ந்த கோழிகள் காற்றில்லாமல் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம்.

“ஊட்டுக்காரரு எங்கீங்க?”

“பொட்டிக்கு ஏதோ சாமான் வாங்கோணும்னு காந்திபுரம்தானுங்க வந்திருக்காரு. சூப்பர்வைசர் சாருக்குப் போட்டுப் பாத்தனுங்க, எடுக்கலீங்க. கதவைத் தொறந்து உட்டுப்போட்டேன். அது வாசப்பக்கத்துக் கோழிக்குத்தான் ஆகுது.”

என் கையில் கையேடு இருந்தது. நானே எழுதியது, பக்கம் முப்பத்தொன்று, சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. கம்பீரமாகச் சொன்னேன்: “பயப்படாதீங்க அம்மணி. திரையில நேரடி இயக்கம்னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்க.”

“அப்புடி ஒண்ணு இல்லீங்களே.”

“நல்லாப் பாருங்க. நேரடி இயக்கம்.”

“நானும் பாத்துட்டேதானுங்க இருக்கறேன். இல்லீங்க.”

ஓனர் மோடு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஸ்மார்ட் ஏர்? இல்லை. என் மொய் நோட்டைத் திறந்து, அன்னூர் என்று தேடினேன். அன்னூர் இல்லை. பின்னணியில் கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அது மெதுவாகக் குறைய ஆரம்பித்தது. சத்தம் குறைகிறது என்றால் அவை சாகத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரே ஒரு புத்திசாலித்தனத்தைச் சொல்லிக்கொள்கிறேன். கையேட்டை மூடி வைத்தேன். “அம்மணி, நான் சொல்றதை உடுங்க. திரையில என்னென்ன எழுதியிருக்குதோ அதை ஒவ்வொண்ணாப் படிங்க.”

படித்தார். தீவனம், தண்ணீர், விளக்கு, குளிர்பலகை, அறிக்கை. அதோடு நிறுத்திக்கொண்டார்.

“அஞ்சுதானுங்க வருது. ஆறு இருக்கோணுமே” என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். “ஆறாவது இருக்குதுங்க. அது நம்முளுது இல்லீங்க.”

“யாருதுங்க?”

“சூப்பர்வைசர் சாருதுங்க. அவரு பேரு போட்டிருக்குது. அதை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க.”

பிரபுவின் சோதனைத் திரை அப்போதுதான் என் கண் முன்னால் வந்து நின்றது. பார்த்துவிட்டுச் சிரித்தேன் அல்லவா, அந்தச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த அம்மாள் பத்து நிமிஷமாக அந்தப் பொத்தானுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். கை எட்டுகிற தூரம். வேறு பெயர் இருந்தால்கூடக் குழம்பிப்போய் எதையாவது அழுத்திப் பார்த்திருப்பார். நாங்கள் வைத்திருந்தது இன்னொருவருடைய பதவியை. அடுத்தவர் செருப்பைக்கூடக் கேட்காமல் தள்ளி வைக்காத மனுஷி அதை எப்படித் தொடுவார்?

“அதுதானுங்க. அதை அழுத்துங்க.”

“சார் கோவிச்சுக்குவாருங்க.”

“அம்மணி, அந்தப் பொத்தான் உங்களுக்காகச் செஞ்சது. பேரைத் தப்பா வெச்சது நாங்க. நான்தானுங்க இந்தப் பொஸ்தகம் எழுதினவன். நான் சொல்றேன், அழுத்துங்க. சார் கேட்டா என்ற பேரைச் சொல்லுங்க.”

என் பெயரைச் சொன்னேன். அவர் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அழுத்தினார். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்கும் சத்தம் போனில் கேட்டது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த அம்மாள், “இருங்க, உள்ள போய்ப் பாத்துட்டு வாரனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மூன்றில் ஒரு பங்கு கோழி செத்துப்போயிருந்தது. வாசலை விட்டுத் தள்ளி, கொட்டகையின் நடுவில் இருந்தவை. மாலையில் அவரே கூப்பிட்டுச் சொன்னார். “மிச்சம் பொழைச்சுதுங்க. உங்க புண்ணியமுங்க” என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது போல வேறு எதுவும் குத்தியதில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் வீரனாகத் தெரிந்திருப்பேன். முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததைத் தொட்டிருக்கிறார்கள், கோழி செத்திருக்கிறது, இரண்டும் உண்மை. பண்ணைக்காரர், அனுமதியில்லாமல் சூப்பர்வைசர் கன்ட்ரோலைப் பயன்படுத்தியதால் இழப்பு என்று எழுதிவிட்டார். கம்பெனி அடுத்த தவணைக் குஞ்சுகளை நிறுத்திவைத்தது. குஞ்சு வராவிட்டால் அந்தக் கொட்டகை வெறும் தகரம். அந்தக் குடும்பம் அதை நம்பித்தான் இருந்தது.

மரகதம் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. “உங்களைக் கொற சொல்லலீங்க. நீங்க சொல்லித்தான் தொட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்கன்னா போதுமுங்க.”

முதலாளியிடம் போனேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அந்தக் கம்பெனிதான் எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். “சொல்லலாமுங்க. ஆனா அவங்க மனசு நோகாம சொல்லோணும். நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க, நான் பாத்துத் தாரேன்” என்றார். எழுதினேன். அரைப் பக்கம். அவர் பார்த்துத் தந்தார். பெயரை மாற்றச் சொன்னது அவர்கள் மேலாளர் என்ற வரி போயிருந்தது. பெயர் மாறியதே போயிருந்தது. பொத்தானும் போயிருந்தது. மிஞ்சியது அவர் சேர்த்த ஒன்றரைப் பக்கம் நன்றி. கடைசி வரியில் சித்திரை வெயில் மட்டும் குற்றவாளியாக நின்றது. இவ்வளவு பணிவான கடிதத்தை என் வாழ்நாளில் நான் படித்ததில்லை. அதைப் படித்தால் அந்தக் கம்பெனி எங்களுக்கு ஒரு சால்வை போர்த்தியிருக்கும். மரகதத்துக்கு ஒரு குஞ்சுகூட வந்திருக்காது.

நான் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அரை நாள் விடுப்பு போட்டேன். கையேட்டையும், அன்னூர்த் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு அந்த மேலாளரைப் பார்க்கப் போனேன். ஏசி அறை, நல்ல நாற்காலி. வரவேற்றார், டீ சொன்னார். நான் கையேட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“உங்க பண்ணைத் திரையில சூப்பர்வைசர் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்குதுங்க. அது எதுக்குன்னு இந்தப் பொஸ்தகத்துல கொஞ்சம் தேடிக் குடுங்க சார்.”

எதற்கு என்று கேட்டார். சும்மா தேடுங்கள் என்றேன். பொருளடக்கத்தைப் பார்த்தார். சொல்லடைவைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து புரட்டினார். டீ வந்து ஆறியது. நான் கைக்கடிகாரத்தை மேசை மேல் கழற்றி வைத்திருந்தேன்.

“இல்லீங்களே” என்றார் கடைசியில்.

“பதினோரு நிமிஷம் ஆச்சுங்க. உங்களுக்கு ஏசி ஓடுது, பக்கத்துல கோழி எதுவும் சாகலீங்க.” முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். “அந்தப் பொத்தான் இதுதானுங்க. ஆபத்துன்னா பண்ணைக்காரரே உடனே அழுத்தோணும்னு நான் சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருக்கறேன். தொடக்கூடாதுங்கற மாதிரி பேரு வெச்சுக் குடுத்ததும் எங்க கம்பெனிதான். நான் அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உட்டுப்போட்டேன். அந்த அம்மா அழுத்தினதால கோழி சாகலீங்க. அழுத்த உடாததால செத்துச்சு. இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

சிவப்புக் கட்டத்தை ஒரு தடவை படித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான். பிறகு பேனாவை எடுத்து, “அப்போ அதுக்கு என்ன பேரு வெச்சா எடுப்பா இருக்கும்னு நெனைக்கறீங்க? நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்றார்.

“அதைக் கேக்கறதுக்கு வரலீங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கடிதத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே அன்னூருக்குக் குஞ்சு இறக்கிவிட்டார்கள்.

முதலாளி என்னிடம் பத்து நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு அவராகவே வந்து, எல்லாப் பண்ணைகளிலும் ஒரே பெயரைப் போட்டுவிடச் சொன்னார். வெள்ளகோவில் பெரியவரிடம் யார் சொல்வது என்று மட்டும் கவலைப்பட்டார். நானே சொன்னேன். “அட, அதுக்கென்னங்க, போட்டுக்குங்க” என்றார் பெரியவர். இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்கப் பயந்துதான் இத்தனை நாள் ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்களிடம் நான் சொல்வது இது. திரையில் உள்ள பெயரும் நீங்கள் எழுதும் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அன்றைக்கே போய்ச் சண்டை போடுங்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தானே ஆகிறது, எப்படிக் கேட்பது என்று தோன்றும். கேளுங்கள். மிஞ்சிப் போனால் யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெயர் மாற்றம் கேட்கிறவர் எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பதால் அவர் முகம் நமக்குத் தெரிகிறது. அந்தப் பெயரை நம்பித் திரைக்கு முன்னால் நிற்கப்போகிறவர் முகம் தெரிவதில்லை. நாம் யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்டால் அவருக்குத்தான்.

எனக்கு அந்த முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. புதிய பதிப்பைத் திரையில் ஏற்றுவதற்காகப் பிரபுவும் நானும் அன்னூர் போனோம். கொட்டகை நிறைய மஞ்சள் குஞ்சுகள். மரகதம் ஒல்லியான, நாற்பது வயதுப் பெண்மணி. மோர் கொடுத்தார். பிரபு வேலையை முடித்ததும் அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, ஆறாவது பொத்தானைக் காட்டினேன்.

“நேரடி இயக்கம்” என்று படித்தார்.

“பொஸ்தகத்துலயும் இதே பேருதானுங்க அம்மணி. இது உங்களுது. சென்சார் கெட்டுதுன்னா, ஃபேன் நின்னுதுன்னா, நீங்களே அழுத்திக்கலாம்.”

தலையாட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பொத்தானுக்குப் பக்கம் விரலைக் கொண்டுபோனார். தொடவில்லை.

“ஏனுங்க சார், சூப்பர்வைசர் சாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத் தொட்டா நல்லதுங்களா?”

“யாரையும் கேக்க வேண்டாங்க.”

“செரிங்க” என்றார், என் மனம் நோகாதபடி. அவர் கேட்டுவிட்டுத்தான் தொடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.